பித்தக்குழாயில் பெரிய கல்: பலூனா, உடைப்பதா, ஸ்டென்டா, ஆபரேஷனா?

"கல்லு பெருசா இருக்கு, வரல. ஸ்டென்ட் வெச்சு விட்டிருக்கோம்" என்று டாக்டர் சொன்னபோது எங்கள் காதில் ஏறியது ஒரே வார்த்தைதான். ஸ்டென்ட். எங்கள் தெருவில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். நான்கும் இதயத்துக்கு. வைத்தால் ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும், ஆளும் காலையில் குடமுருட்டிக் கரையில் நடை போவார். அம்மாவுக்கும் அப்படித்தான் என்று நினைத்து, ஆவணி மாதம் நிம்மதியாக ஊருக்கு அழைத்து வந்துவிட்டோம்.

அம்மாவுக்கு வைத்தது பித்தக்குழாயில், பித்தம் வடிவதற்கான பிளாஸ்டிக் ஸ்டென்ட். மூன்று மாதத்தில், மிஞ்சினால் ஆறு மாதத்துக்குள், அதை எடுத்தாக வேண்டும் அல்லது மாற்றியாக வேண்டும். டிஸ்சார்ஜ் தாளின் இரண்டாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரியாக அது இருந்தது. வாயால் ஒருவரும் சொல்லவில்லை. அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. தாளைப் படிக்காமல் பீரோவில் வைத்தது நான்தான். தை மாதம், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த வாரம், ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. காலையில் பார்த்தால் கண் மஞ்சள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு, குழாய்க்குள் கிருமி ஏறிவிட்டது.

அதற்கப்புறம்தான் நானும் அக்காவும் உட்கார்ந்து, என்னென்ன வழி இருக்கிறது, எது அம்மாவுக்குப் பொருந்தும் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஐந்து மாதம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. நான் டாக்டர் இல்லை, பாபநாசம் பக்கம் உரக்கடை வைத்திருப்பவன். மூன்று டாக்டர்களிடம் கேட்டதும், சொந்தத்தில் இதே தொல்லைக்கு வேறு வேறு வைத்தியம் பார்த்துக்கொண்ட இரண்டு பேரிடம் விசாரித்ததும்தான் இங்கே இருப்பது.

ஒப்பிட நேரம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி

வயிற்று வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் காமாலை. ஷார்க்கோ என்ற பிரெஞ்சு டாக்டர் 1877-லேயே சேர்த்துச் சொல்லிவைத்த மூன்று அறிகுறிகள் இவை. மூன்றும் சேர்ந்து வந்தால் பலூனா லேசரா என்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது. தேங்கிய பித்தத்தை வடியவிட வேண்டும், அதுவும் கிட்டத்தில் எங்கே முடிகிறதோ அங்கே. அந்த நேரத்தில் கல்லை எடுக்காமல் ஸ்டென்ட் மட்டும் வைத்து வெளியே வருவதுதான் சரியான வைத்தியம். அம்மாவுக்குத் தை மாதத்தில் தஞ்சாவூரில் அதைத்தான் செய்தார்கள். பழையதை உருவிவிட்டுப் புதுசு வைத்தார்கள், ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். மூன்றாம் நாள் ரசம் சாதம் கேட்டார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆரம்பத்தில் நாங்கள் பதினைந்து நாள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கீழாநெல்லியைக் குறை சொல்லவில்லை. ஈரலில் வைரஸ் தொற்றி வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே அடங்கும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். குழாய் அடைத்து வரும் காமாலை அப்படி அடங்காது. மலம் வெளுத்துப் போவது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது, உள்ளங்கை உள்ளங்காலில் அரிப்பு, இதெல்லாம் இருந்தால் உடனே ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. வாழைத்தண்டுச் சாறும் வேண்டாம். அது சிறுநீரகக் கல்லுக்கு ஊரார் சொல்லும் மருந்து. இது வேறு குழாய், வேறு கல்.

"பித்தப்பையையே எடுத்தாச்சே, அப்புறம் கல்லு எங்கேருந்து வந்துச்சு?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. அம்மாவுக்குப் பித்தப்பை எடுத்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. பைக்குள் இருந்து குழாய்க்கு நழுவி வரும் கற்கள் ஒரு வகை. பை இல்லாமலேயே குழாய்க்குள்ளேயே உருவாகும் கற்கள் இன்னொரு வகை. பித்தம் தேங்கி, அதில் கிருமி சேர்ந்தால் பழுப்பு நிறத்தில் களிமண் மாதிரி கற்கள் கட்டும். அம்மாவுடையது இந்த இரண்டாம் வகை.

கல்லின் அளவை மட்டும் கேட்காதீர்கள்

இ.ஆர்.சி.பி. என்றால் வாய் வழியாக எண்டோஸ்கோப் குழாயை இறக்கி, இரைப்பையைத் தாண்டி, முன்சிறுகுடலில் பித்தக்குழாய் வந்து திறக்கும் வாயைப் பிடிப்பது. அந்த வாயில் இருக்கும் தசையை மின்கம்பியால் கொஞ்சம் வெட்டி அகலப்படுத்திவிட்டு, சின்ன பலூனாலோ கம்பிக்கூடையாலோ கல்லை இழுத்துக் குடலுக்குள் தள்ளிவிடுவார்கள். கல் மலத்தோடு போய்விடும். இந்த வெட்டும் முறை 1974-ல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் ஒரே சமயத்தில் வந்தது. அதற்கு முன்னால் வயிற்றைக் கிழித்தால்தான் கல். இப்போது நூற்றுக்கு 85, 90 பேருக்கு இந்தச் சாதாரண முறையே போதும்.

மிச்சம் 10, 15 பேர்தான் எங்கள் அம்மா மாதிரி. கல் 15 மி.மீ.க்கு மேலே இருப்பது, குழாய் நிறைய கற்கள் அடுக்கியிருப்பது, கல்லுக்குக் கீழே குழாய் சுருங்கியிருப்பது, கல் ஈரலுக்குள் இருக்கும் கிளைக்குழாயில் உட்கார்ந்திருப்பது, இப்படிப் பல காரணம். பழைய வயிற்றுப் புண் ஆபரேஷனும் ஒரு காரணம். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு அந்தக் காலத்தில் இரைப்பையைக் குடலோடு இணைத்துத் தைத்த தழும்பு இருக்கும். அப்படி இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உள்ளே பாதையே மாறியிருக்கலாம்.

எங்களிடம் யார் விசாரித்தாலும் "கல்லு எத்தனை மி.மீ.?" என்றுதான் கேட்டார்கள். நாங்களும் 17, 17 என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாயைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு படம் வரைந்தார். நாயனத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. மேலே அணசு அகலம், கீழே போகப் போக ஒடுக்கம். மேலே 19 மி.மீ. என்றும் கீழே 9 என்றும் எழுதினார். அகலமான இடத்தில் ஒரு வட்டம் போட்டு 17 என்று எழுதி, பேனாவால் இரண்டு தடவை தட்டினார்.

அம்மா எட்டிப் பார்த்தார். "வாய்க்கா அகலம், மதகு சின்னது. மதகை இடிச்சாலும் அதுக்குக் கீழ குழாயும் சின்னதுதானே?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, "அம்மா, இதையேதான் நான் பத்து நிமிஷம் சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

கல்லுக்குக் கீழே குழாய் எவ்வளவு அகலம்? என்னைக் கேட்டால் எல்லா வழிகளையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விதான். எந்தக் கருவி புதுசு, எந்த ஆஸ்பத்திரி பெரிசு என்பதெல்லாம் அதற்கப்புறம்.

கீழே அகலம் இருந்தால் பலூன்

திருவாரூரில் இருக்கும் எங்கள் மாமாவுக்கும் கல்தான், 16 மி.மீ. அம்மாவுடையதற்கும் அதற்கும் ஒரு மி.மீ. தான் வித்தியாசம். அவருக்கு ஒரே தடவையில் முடிந்தது. ஏன் என்றால் அவர் குழாய் புல்லாங்குழல் மாதிரி, மேலும் கீழும் ஒரே 18.

இதற்குச் செய்வது, வாய்த்தசையில் சின்னதாக ஒரு வெட்டு, அப்புறம் பெரிய பலூன். கல்லை இழுக்கும் சின்ன பலூன் இல்லை இது. வாயை விரிப்பதற்கென்றே 12 முதல் 20 மி.மீ. வரை அளவுகளில் வருகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை அதில் மெதுவாக ஏற்றுவார்கள். முதலில் நடுவில் இடுப்பு மாதிரி ஒரு சுருக்கம் தெரியும். அழுத்தம் ஏற ஏற அந்த இடுப்பு மறையும். அரை நிமிடம், ஒரு நிமிடம் அப்படியே பிடித்துவைத்துவிட்டு இறக்கிவிடுவார்கள். அதற்குள் வழி திறந்துவிடும், கல் முழுசாகவே வந்துவிடும். உடைக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை. ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் கஷ்டமான கல்லுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறது.

இதில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. பலூன், குழாயின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. மீறினால் குழாய் கிழியும். கிழிசல் அபூர்வம்தான், வந்தால் பெரிய சங்கடம். 9 மி.மீ. குழாயில் 18 மி.மீ. பலூனை யாராவது ஊதுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாமா இதயத்துக்காகக் குளோபிடோக்ரெல் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர். அதை ஒரு வாரம் நிறுத்தித்தான் செய்தார்கள், அதுவும் இதய டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகு. அவர்களாக நிறுத்தியிருந்தால் பித்தக்குழாய் சரியாகி இதயக்குழாய் அடைத்திருக்கும். ஆஸ்பிரினை வழக்கமாக நிறுத்தச் சொல்வதில்லை. வெட்டு சின்னதாக இருப்பதால் ரத்தக்கசிவு பயம் உள்ளவர்களுக்கும் இந்த முறை கொஞ்சம் தோதானது.

செலவிலும் இது கைக்கு அடங்கும். இ.ஆர்.சி.பி. வாரத்துக்குப் பல தடவை செய்யும் எந்த இடத்திலும் இருக்கும். குழாய் வாட்டம் இடம் கொடுத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

கம்பிக்கூடையால் நொறுக்குவது

கல்லுக்குக் கீழே பலூனுக்கு இடமில்லை என்றால் கல்லை உடைத்துத்தான் ஆகவேண்டும். உடைப்பதில் பழைய வழி, 1980-களில் வந்தது, இந்த நொறுக்கும் கூடை. உறுதியான கம்பிக்கூடையைக் குழாய்க்குள் விரித்து, கல்லை அதற்குள் வாங்கி, வெளியே கைப்பிடியைத் திருகத் திருக, கூடை ஓர் உலோக உறைக்குள் இழுபட்டுக் கல்லை நசுக்கும். கரும்பு ஆலையில் கணு நசுங்குகிற மாதிரி. கல் நொறுங்கும்போது கையிலேயே தெரியும் என்று டாக்டர் சொன்னார்.

செலவு குறைவு. பெரும்பாலான கல்லுக்கு வேலை செய்யும். ஆனால் கூடை விரிவதற்குக் கல்லைச் சுற்றி இடம் வேண்டும். 19 மி.மீ. குழாயில் 17 மி.மீ. கல் இருந்தால் கம்பி எங்கே நுழையும்? அம்மாவின் முதல் இ.ஆர்.சி.பி. அறிக்கையிலேயே "கூடை விரிய இடமில்லை" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. ஐந்து மாதம் கழித்துத்தான் அதைப் படித்தேன். கல் மிகப் பெரியதாக இருந்தாலும் இது தோற்கும். சில சமயம் கூடை கல்லைக் கவ்விக்கொண்டு இரண்டுமாகக் குழாயில் மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது கம்பியை வெளியே வெட்டி வேறு நொறுக்கியை மாட்டி விடுவிக்க வேண்டும். அதற்கான கருவி அறையில் தயாராக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

நேரில் பார்த்து லேசரால் உடைப்பது

இதுதான் புதுசு, இதைப் பற்றித்தான் எல்லாருக்கும் ஆசை. பெரிய எண்டோஸ்கோப்புக்குள் இன்னொரு மெல்லிய குழாய், ஏறக்குறைய மூன்றரை மி.மீ. தடிமன். அதன் நுனியில் கேமரா. அந்தக் குட்டிக் குழாய் பித்தக்குழாய்க்குள்ளேயே போய்க் கல்லை நேருக்கு நேர் காட்டும். முன்பெல்லாம் தாய்க்குழாயை ஒரு டாக்டர், சேய்க்குழாயை ஒரு டாக்டர் என்று இரண்டு பேர் பிடிக்கவேண்டும், குழாயும் அடிக்கடி உடையும். 2007 வாக்கில் ஸ்பைகிளாஸ் என்ற கருவி வந்தபிறகு ஒருவரே இரண்டையும் கையாள முடிகிறது. இப்போது வரும் டிஜிட்டல் வகையில் படம் இன்னும் துல்லியம்.

கல்லைப் பார்த்ததும், அதன் மேல் லேசர் இழையைத் தொட்டுக்கொண்டு சுடுவார்கள். சிறுநீரகக் கல்லுக்குப் பயன்படும் அதே ஹோல்மியம் லேசர். லேசர் இல்லாத இடத்தில் மின்பொறி முறை இருக்கிறது. உப்பு நீருக்குள் சின்னதாக ஒரு பொறி தெறிக்கவைத்து, அதில் எழும் அதிர்வலையால் கல்லைப் பிளப்பது. இரண்டிலும் எக்ஸ்ரே நிழலை நம்பாமல் கண்ணால் பார்த்துச் சுடுவதுதான் பாதுகாப்பு. குறி தவறிக் குழாயின் சுவரில் பட்டால் ஓட்டை விழும்.

மற்றதெல்லாம் தோற்ற கல்லிலும் பத்தில் ஒன்பதுக்கு இது கைகொடுக்கிறது. கூடை விரிய இடம் தேவையில்லை. பொடியாக்கிவிட்டால் 9 மி.மீ. வழியிலேயே வந்துவிடும். சரி, அப்புறம் ஏன் எல்லாருக்கும் இதையே செய்யவில்லை? முதலில் செலவு. அந்தக் குட்டிக் குழாய் ஒரே ஆளுக்கு ஒரே முறை பயன்படுத்தவென்று செய்யப்பட்டது. அப்புறம் நேரம். அம்மாவுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. மாமா பலூனுக்கு உள்ளே போய் அரை மணியில் வந்துவிட்டார். உள்ளே உப்பு நீர் விட்டுக்கொண்டே இருப்பதால் குழாயில் கிருமி மேலேறவும் வாய்ப்புண்டு, முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போடுவார்கள். அந்த நீர் இரைப்பையில் தேங்கி நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது என்று பல இடங்களில் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள். "ஆபரேஷன் இல்ல, வெறும் லேசர்தான்" என்று சொல்லித் தேற்றுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது என்றும் ஒன்று உண்டு. பித்தக்குழாய்க் கல்லுக்குப் பல தடவை போகவேண்டும், பெரும்பாலும் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவைத்திருப்பார்கள், கடைசியில் துகள்களை எடுக்க இ.ஆர்.சி.பி.யும் வேண்டும். எங்களுக்கு யாரும் அதைப் பரிந்துரைக்கவில்லை. வாய் வழியாக அந்த இடத்துக்குப் போகவே முடியாதவர்களுக்கு, விலா ஓரமாகத் தோல் வழியே ஈரலுக்குள் ஊசி போட்டு மேலிருந்து இறங்கும் வழியும் இருக்கிறது.

ஸ்டென்டோடு விட்டுவிடலாமா?

இது தள்ளிப்போடுகிற வழி, ஆனால் கேவலமான வழி இல்லை. ஸ்டென்ட் குழாயில் கிடக்கும்போது பித்தம் அதன் ஓரமாகவும் வடிகிறது, கல்லும் அதில் உரசிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் சில கற்கள் தேய்ந்து சின்னதாகிவிடும், சிலது பிளந்துவிடும். அடுத்த தடவை சாதாரணக் கூடையிலேயே வந்துவிடும். மிருதுவான கல்லுக்கு இந்த வாய்ப்பு அதிகம். முதல் தடவை செய்தவர்கள் அம்மாவுக்கு நினைத்ததும் இதுதான் போலிருக்கிறது. நினைத்ததை எங்களிடம் சொல்லியிருந்தால் கார்த்திகையிலேயே போயிருப்போம். தை மாதம் எடுத்த படத்தில் அம்மாவின் கல் ஒரு மி.மீ. கூடக் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

வயது எண்பதைத் தாண்டி, படுக்கையோடு இருப்பவர்களுக்கு, கல்லை விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டென்ட் மாற்றிக்கொண்டே போவது என்று சில குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதில் சரியாக இருக்க முடிந்தால் சரி. ஆடி விதைப்பு, தை அறுப்பு, கல்யாணம், கருமாதி என்று நம் வீடுகளில் தேதி தள்ளிப்போவதுதான் வழக்கம். தள்ளிப்போன ஸ்டென்ட் அடைத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன். நடமாடும் நிலையில் இருப்பவர்களுக்கு இதையே முடிவான வைத்தியமாக வைத்துக்கொள்வது சரியில்லை என்று எங்களிடம் பேசிய மூன்று டாக்டர்களுமே சொன்னார்கள்.

அக்காவின் கட்சி: ஆபரேஷன்

மன்னார்குடி அக்கா ஆரம்பத்திலிருந்தே ஒரே பிடி. "தம்பி, எத்தனை தடவைடா வாயில குழாய விடறது? ஒரேயடியா அறுத்து எடுத்துடச் சொல்லு." அவர் கட்சிக்கு உதாரணமும் இருந்தது. சித்தி மகனுக்கு 36 வயசு. பித்தப்பை நிறையக் கல், குழாயிலும் பெரிசு பெரிசாக மூன்று. லேப்ராஸ்கோப்பியில் பையையும் எடுத்து, அதே மயக்கத்தில் குழாயைத் திறந்து கல்லையும் எடுத்துத் தைத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

அவனைப் போன்றவர்களுக்கு ஆபரேஷன்தான் நல்லது என்று எனக்கும் இப்போது தோன்றுகிறது. பித்தப்பை உள்ளே இருக்கிறது, அதை எப்படியும் எடுத்தே ஆகவேண்டும். இ.ஆர்.சி.பி. செய்தால் அதற்கொரு தடவை சேர்க்கவேண்டும், பிறகு இரண்டு வாரத்துக்குள் பையை எடுக்க இன்னொரு தடவை. இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்கிற சர்ஜன் கிடைத்தால் ஏன் இரண்டு செலவு? ஆனால் பித்தப்பையை எடுக்கும் எல்லாரும் குழாயைத் திறந்து கல் எடுப்பதில்லை. அது தனிக் கை. குழாய் மிகவும் வீங்கிப்போய்க் கல் திரும்பத் திரும்பக் கட்டுகிறவர்களுக்கு, குழாயையே குடலோடு இணைத்துவிடும் ஆபரேஷனும் உண்டு. அது சர்ஜனால்தான் முடியும்.

அம்மாவுக்கு எடுக்கப் பை இல்லை. 72 வயசு, இருபது வருஷச் சர்க்கரை, எக்கோவில் இதயம் கொஞ்சம் பலவீனம். மயக்க டாக்டர், "ரெண்டுக்கும் மயக்கம் உண்டு. ஆனா இவங்களுக்கு வயித்தத் தொறக்காம முடியும்னா அதுதான் எனக்கு நிம்மதி" என்றார். அக்கா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

தூரமும் பணமும்

லேசர் என்று முடிவானபோது எங்கள் கேள்வி மாறியது. எங்கே? பலூனும் கூடையும் தஞ்சாவூர், திருச்சியிலேயே முடியும். குட்டிக் குழாய் கேமராவும் லேசரும் சேர்ந்து, அதை வாடிக்கையாகச் செய்யும் டாக்டரும் இருக்கிற இடம் எங்களுக்குச் சென்னையில்தான் அமைந்தது. கருவி வாங்கி வைத்திருக்கிறார்களா என்பதைவிட, மாதத்துக்கு எத்தனை செய்கிறார்கள் என்று கேட்பது மேல். நான் ஒரு இடத்தில் கேட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், ஆனால் பதில் சொன்னார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் கல் எடுப்பதற்கு அனுமதிக்கும் தொகையில் இந்த ஒருமுறைக் குழாயின் விலை அடங்குமா, தனியே கட்டவேண்டுமா என்பதை அந்தந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேஜையில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேர்த்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

நாங்கள் உழவன் எக்ஸ்பிரஸில் போனோம். ராத்திரி ஏறினால் விடிகாலை எழும்பூர். அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைத்தது. போவதற்கு முன்னால் தஞ்சாவூர் டாக்டரைப் பார்த்து, திரும்பி வந்து காய்ச்சல் வந்தால் ராத்திரியிலும் அவர் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டு வைத்துக்கொண்டேன். கல்லைச் சென்னையில் எடுக்கலாம். குளிர் காய்ச்சல் வருவது வீட்டில்தான். முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிபுணரால் அந்த ராத்திரிக்கு உதவ முடியாது.

எந்த வழியாக இருந்தாலும் இ.ஆர்.சி.பி.க்கு என்று பொதுவான ஆபத்து ஒன்று இருக்கிறது, கணைய வீக்கம். நூறில் மூன்று முதல் பத்துப் பேருக்கு வரலாம். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும், சிலருக்கு மோசமாகும். இதைக் குறைக்க ஆசனவாயில் வைக்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரை, 100 மில்லிகிராம், வழக்கமாகக் கொடுக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறோ அந்த மருந்துக்கு ஒவ்வாமையோ இருந்தால் முதலிலேயே சொல்லவேண்டும். செய்த அன்று ராத்திரி முதுகுவரை பாயும் வயிற்று வலி வந்தால் "வாயு" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

பங்குனி மாதம் அம்மாவுக்கு லேசர் முடிந்தது. நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் துகள் போட்டுக் கொடுத்தார். ஈரக் கருப்பட்டித் தூள் மாதிரி, கரும்பழுப்பு. விரலால் நசுக்கினால் பொடிந்துவிடும் போலிருந்தது. இத்தனை அலைச்சலும் இந்த மண்ணுக்கா என்று அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் வடியும்வரை இருக்கட்டும் என்று மறுபடியும் ஒரு சின்ன ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

இந்தத் தடவை டிஸ்சார்ஜ் தாளை வாங்கியதும் அங்கேயே நின்று இரண்டு பக்கமும் படித்தேன். புரியாத மூன்று வரிகளுக்குத் தமிழில் அர்த்தம் கேட்டேன். ஊருக்கு வந்ததும் கடையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஆறாவது வாரத்துத் தாளை மடித்து, "அம்மா ஸ்டென்ட் எடுக்க" என்று சிவப்புப் பேனாவில் எழுதினேன். எடுப்பதற்குச் சென்னை போகவேண்டியதில்லை. தஞ்சாவூரில் சாதாரண எண்டோஸ்கோப்பியில் பத்து நிமிடம். குழாய் அகலமாகவே இருப்பதால் கல் திரும்பக் கட்ட வாய்ப்புண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும். அடுத்தது ஐப்பசியில். அதற்கும் ஒரு தாளை மடித்து வைத்தாயிற்று.